பழுது எந்தப் பக்கம்?

இடுபணி ஒப்படைக்கும் இரவில் சாட்ஜிபிடி திறக்காவிட்டால் நாம் முதலில் நம் கணினியைத்தான் சந்தேகிக்கிறோம்.

18.11.2025 இரவு, மலேசிய நேரம் 7.20 மணியளவில், உலகெங்கும் பலருக்கு அது திறக்கவில்லை. ‘கிளவுட்ஃபிளேர் முகவரிக்கான தடையை நீக்குக’ என்ற பொருளில் திரையில் ஒரு செய்தி. படித்தவருக்குத் தன் கணினியில்தான் தடை எனத் தோன்றும். உண்மையில் பழுது, பயனருக்கும் சாட்ஜிபிடிக்கும் நடுவே காவலாக நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில். அங்கே ஒரு கோப்பு இரு மடங்காகப் பெருத்ததால் மென்பொருள் செயலிழந்தது. 10.30 மணியளவில்தான் பெரும்பாலும் சீரானது. அதுவரை பிரிக்பீல்ட்ஸ் அறையிலோ கிள்ளான் வீட்டிலோ எதை மாற்றியும் பயனில்லை.

ஆகவே, எதையும் மாற்றுமுன் நான் செய்யும் மூன்று சோதனைகள்:

1. வேறு அகப்பக்கங்கள் திறக்கின்றனவா? இல்லையெனில் பழுது நம் இணைப்பில்.

2. வளாக வைஃபையை விட்டுக் கைத்தொலைபேசித் தரவில் திறக்கிறதா? திறந்தால் பழுது வைஃபையில்.

3. இரண்டிலும் அது மட்டும் திறக்கவில்லையா? அந்நிறுவனத்தின் சேவை நிலைப் பக்கத்தைப் பாருங்கள். பழுது அங்கே என்றால் காத்திருப்பதே வழி.

உரையாடியில் எழுதியதை அவ்வப்போது நம் கணினியில் நகலெடுத்து வைப்போம். அப்படிச் செய்தால், காத்திருக்கும் நேரத்திலும் இடுபணியைத் தொடரலாம்.