கிளாஸ், ஆப்ஜெக்ட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜாவா படிக்கும் மாணவர்கள் பலர் வரையறைகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். நிரலில் பிழை வந்தால் திணறிப்போவார்கள். எது கிளாஸுக்கு உரியது, எது ஆப்ஜெக்டுக்கு உரியது என்பது மனதில் பிரியாததே காரணம். வங்கிக் கணக்கு ஒன்றை ஜாவாவில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

நம்பிக்கை: கிளாஸ், ஆப்ஜெக்ட் இரண்டும் ஒன்றுதான், இன்ஸ்டன்ஸ் என்பது வேறு.
உண்மை: 'கணக்கு' என்ற கிளாஸை ஒரே முறைதான் எழுதுகிறோம். கணக்கு எண், உரிமையாளர் பெயர், இருப்புத்தொகை, பணம் போடும் மெத்தட், எடுக்கும் மெத்தட் எல்லாம் அதில் இருக்கும். நிரல் ஓடும்போது முருகனுக்கு ஒன்று, மேரிக்கு ஒன்று என நினைவகத்தில் உருவாகுபவை ஆப்ஜெக்டுகள். 'கணக்கு' கிளாஸின் இன்ஸ்டன்ஸ் என்பதும் இவற்றையே.

நம்பிக்கை: ஸ்டேட்டிக் என்றால் மதிப்பு மாறாது.
உண்மை: மாறாமல் பூட்டுவது ஃபைனல். ஸ்டேட்டிக் என்றால் கிளாஸுக்கே பொதுவானது. இருப்பு ஆளாளுக்கு வேறு. வட்டி விகிதத்தை ஸ்டேட்டிக்காக வைத்து 6-ஐ 7 ஆக்கினால், எல்லாக் கணக்குக்கும் 7 தான்.

நம்பிக்கை: ஒரு மாறியை இன்னொன்றில் போட்டால் புது ஆப்ஜெக்ட் கிடைக்கும்.
உண்மை: ஜாவாவில் ஆப்ஜெக்டுக்கான மாறிக்குள் இருப்பது அதைச் சுட்டும் ரெஃபரன்ஸ் மட்டுமே. மேரியின் கணக்கில் 5000 ரூபாய். 'அ' என்ற மாறி அதைச் சுட்டுகிறது. 'அ'வை 'ஆ' என்ற இன்னொரு மாறியில் போட்டு, 'ஆ' வழியாக 2000 எடுங்கள். 'அ'விடம் கேட்டாலும் 3000 என்றே வரும். கணக்கு ஒன்று, பெயர் இரண்டு. மாணவர்களை அலைக்கழிக்கும் பிழைகள் பல இங்கேதான் பிறக்கின்றன.

நம்பிக்கை: ஆப்ஜெக்டை உருவாக்குவது கன்ஸ்ட்ரக்டர்.
உண்மை: நினைவகத்தில் இடம் ஒதுக்கவைப்பது 'நியூ'. கன்ஸ்ட்ரக்டரின் வரிகள் ஓடுவதற்கு முன்பே இருப்பு 0 என்றும், உரிமையாளர் பெயர் 'நல்' (null) என்றும் நிரப்பப்பட்டிருக்கும். அதன்பின் சரியான தொடக்க மதிப்புகளை வைப்பதே கன்ஸ்ட்ரக்டரின் வேலை.

நம்பிக்கை: பிரைவேட் என்று போட்டால் வேறு எந்த ஆப்ஜெக்டும் தொட முடியாது.
உண்மை: ஜாவாவில் அந்த வேலி கிளாஸைச் சுற்றித்தான். முருகனின் கணக்கிலிருந்து மேரிக்குப் பணம் அனுப்பும் மெத்தட் 'கணக்கு' கிளாஸுக்குள்ளேயே இருந்தால், மேரியின் பிரைவேட் இருப்பை அது நேரடியாகவே மாற்றலாம்.

நம்பிக்கை: கிளாஸ் இல்லாமல் ஆப்ஜெக்ட் இல்லை.
உண்மை: ஓஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே கிளாஸ் உண்டு. ஆனால் 1995-இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட், ஒரு ஆப்ஜெக்ட் இன்னொரு ஆப்ஜெக்டிலிருந்து பண்புகளைப் பெறும் வழியில் இயங்கியது. அதில் 'கிளாஸ்' என்று எழுதும் வசதி 2015-இல்தான் வந்தது. உள்ளே இயங்குவது இன்றும் அந்தப் பழைய முறையே.

இனி எந்தப் புதுச் சொல்லைப் படித்தாலும், இது கிளாஸுக்கு உரியதா, ஆப்ஜெக்டுக்கு உரியதா என்று முதலில் கேளுங்கள். பிறகு பத்து வரியில் ஒரு நிரல் எழுதி, மதிப்புகளை அச்சிட்டுப் பாருங்கள். வரையறையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது.