காற்று எழுதிய கணக்கு

காற்றைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. அது போன வழியைத்தான் காண்கிறோம். சாய்ந்த மரம், பறந்த கூரை, வளைந்த கம்பம் இவற்றைக் கொண்டே காற்றின் வேகத்தைக் கணிக்கிறது அறிவியல். அக்கணிப்பு எவ்வாறு நடைபெறுகிறது, நம்மூர் போன்ற சிற்றூர்களில் அது எங்கே தடுமாறுகிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

‘டொர்னாடோ’ எனப்படும் சுழற்காற்று பெரும்பாலும் சில நிமிடங்களே வீசும். அதன் பாதையும் குறுகியது. வேகத்தை அளக்கும் கருவி சரியாக அதன் வழியில் இருப்பது அரிது. எனவே, ஜப்பானில் பிறந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் ஃபுஜிட்டா, சேதத்தைக் கொண்டு காற்றை அளக்கும் அளவுகோலை 1971-இல் வகுத்தார். 1945-இல் அணுகுண்டு வீழ்ந்த நாகசாகியில் மரங்கள் சாய்ந்த பாங்கை ஆராய்ந்த அனுபவம் அவருக்குப் பின்னாளில் கைகொடுத்தது. அவ்வளவுகோலின் திருத்திய வடிவம் 2007 முதல் அமெரிக்காவில் வழங்குகிறது. வீடு, பள்ளி, கம்பம், மரம் என 28 அடையாளங்களைப் பார்த்து 0 முதல் 5 வரை தரம் இடுகின்றனர்.

மரம் சாய்ந்த திசை ஒரு நல்ல சாட்சி. பரவலாக ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அது நேர்காற்று. ஓரிடத்திலிருந்து நாற்புறமும் விரிந்து கிடந்தால், மேகத்திலிருந்து கீழே பாய்ந்த காற்று. குறுகிய பட்டைக்குள் நடுவை நோக்கிக் குவிந்து கிடந்தால் சுழற்காற்று. வங்கக் கடல் புயலின் மையம் மேற்கு நோக்கி ஊரைக் கடக்குமானால், முதலில் வடக்கிலிருந்து காற்று வீசும், இடையில் அமைதி, பிறகு தெற்கிலிருந்து வீசும். மரங்கள் இருபுறமும் கிடக்கும்.

நமக்கு டொர்னாடோ அரிது, புயல் பழகியது. 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் கரையைக் கடந்தது. தவளக்குப்பம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அப்போது எனக்கு ஆறு வயது. எங்கள் கீற்று வீட்டின் கூரை முழுதும் போயிற்று. பிள்ளைகளை வெட்டவெளியில் எத்தனை நாள் வைத்திருப்பது? மூன்றாம் நாளே அப்பா கிடைத்த மட்டைகளைப் பின்னிக் கூரை வேய்ந்துவிட்டார். பிறகு கணக்கெடுக்க வந்தவர், “வீடுதான் நிற்கிறதே” என்று கூறிப் பகுதிச் சேதம் என்று எழுதிக்கொண்டு போனார். அவர் பொய் எழுதவில்லை, கண்டதை எழுதினார். காட்டுவதற்கு அப்பாவிடம் சான்று ஏதுமில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஃபுஜிட்டாவைப் படித்தபோது அன்று நடந்தது விளங்கிற்று. அந்த 28 அடையாளங்களில் கீற்று வீடு இல்லை. வெறும் வயலில் வீசி எதையும் சாய்க்காத சுழற்காற்றை ‘தரம் அறியப்படாதது’ என்றே பதிகின்றனர். நலிந்த வீடு சிறு காற்றிலேயே விழும். அதை வைத்துப் பெருங்காற்றை மெய்ப்பிக்க இயலாது. ஆனால் இழப்பு சிறியதா? 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தில் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளைத் தாக்கிய சுழற்காற்றில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். காற்றின் தரம் வேறு, துயரின் அளவு வேறு.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ‘ஃபெஞ்சல்’ இதற்கு மற்றொரு சான்று. வேகத்தில் அது தானேயைவிடக் குறைந்தது. ஆயினும் நகராமல் நின்று, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. இம்முறை கூரையைத் தொடுமுன் செல்பேசியில் நாளுடன் படம் எடுத்தேன். சுவரில் நீர் நின்ற உயரத்தை டேப்பால் அளந்தேன். மரங்கள் சாய்ந்த திசையைக் குறித்தேன். பக்கத்து வீடுகளுக்கும் அவ்வாறே நோட்டில் எழுதினேன். கணக்கெடுக்க வந்தவர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டார். அப்பா அருகில் ஒன்றும் பேசாமல் நின்றார்.

நண்பர்களே, நம்மில் பலர் இத்தகைய ஊர்களிலிருந்து வருகிறோம். ஒரு டேப்பும் திசைகாட்டியும் நோட்டும் போதும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இதனை ஊருக்கு ஊர் செய்யலாம். காற்று எழுதிச் சென்ற கணக்கை வெயிலும் மழையும் அழித்துவிடும். பிழைக்க வேண்டிய அவசரத்தில் நாமும் அழித்துவிடுவோம். அதற்குமுன் அதைப் படித்துவைப்பது படித்தவர் கடன்.