30,000 பேருக்கு ஒருவராக

உணவியல் படிப்பை முடித்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் பிள்ளைகளுக்கு, பெரிய மருத்துவமனையில் வார்டு வார்டாக நடந்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன்.

1. தனி அறை கேட்காதீர்கள். சமவெளியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 மக்கள் என்பது அரசுக் கணக்கு. நமக்கென்று அங்கே நிரந்தரப் பணியிடம் இருப்பதே அபூர்வம். பலர் வாரத்தில் ஒரு நாள் வந்து போகிறவர்களாகத்தான் இருப்பீர்கள். 'உணவு ஆலோசனை' என்று பலகை மாட்டி உள்ளே உட்கார்ந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். பிரஷர் பார்க்கும் மேசைக்கும் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை வாங்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

2. அச்சடித்த உணவுப் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 1,500 கலோரி பட்டியல் வார்டில் செல்லும், அங்கே சமையற்கட்டு நம் பொறுப்பில். இங்கே அது மருமகள் பொறுப்பில். முதலில் கேளுங்கள். "என்ன சாப்பிடுவீங்க?" என்று மொட்டையாகக் கேட்டால் "என்னத்தைச் சாப்பிடறேன், ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். "எழுந்ததும் முதல்ல வாயில வச்சது என்னங்க ஐயா?" என்று ஆரம்பித்துப் படுக்கும்வரை வரிசையாகக் கேளுங்கள். சர்க்கரைக்காரர் ஒருவர், "அரிசியையே விட்டுட்டேன்மா, ராத்திரி சப்பாத்திதான்" என்பார். எத்தனை? "அஞ்சு." தொட்டுக்க? "உருளைக்கிழங்கு குருமா." பத்தரைக்கு ஒரு டீ, நாலரைக்கு டீயோடு ரெண்டு வர்க்கி. "சீனி தொடறதே இல்ல, நாட்டுச் சர்க்கரைதான்." எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போகாதீர்கள். அஞ்சு சப்பாத்தியை மூன்றாக்கி, குருமாவின் இடத்தில் பாசிப்பயறும் ஒரு பெரிய கரண்டி அவரைக்காய்ப் பொரியலும் வைக்கச் சொல்லுங்கள். வர்க்கி அடுத்த மாதத்துக்கு இருக்கட்டும். கிராமில் பேசாதீர்கள், கரண்டி, டம்ளர், கைப்பிடி போதும். இன்னொன்று: கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடியிலும் புரட்டாசியிலும் விரதம் இருப்பவர்களுக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கும். அதைக் கேட்டு டாக்டர் காதில் போடுவது உங்கள் வேலை.

3. செவ்வாய்க்கிழமை வேறெங்கும் போகாதீர்கள். அது கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. 60 மில்லிகிராம் இரும்புச் சத்து மாத்திரையை 180 நாளும் போட வேண்டும். கொடுக்கிறோம், அவர்கள் போடுகிறார்களா? மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறாள் ஒருத்தி. பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியார் சொல்லி நிறுத்துகிறாள் இன்னொருத்தி. போடுகிறவளும் டீயோடு போடுகிறாள். டீ இரும்பை உடம்பில் சேர விடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடக் கூடாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். முருங்கைக்கீரையைப் பற்றிய உங்கள் நீண்ட பிரசங்கத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

4. ரேஷன் கடைக்கு ஒருமுறை போய்வாருங்கள். விலையில்லா அரிசி, 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில். உங்கள் அறிவுரை இந்தப் பைக்குள் அடங்க வேண்டும். பாதாமும் ஓட்ஸும் எழுதினால் அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போவார், அடுத்த முறை உங்கள் ஸ்டூல் பக்கம் வரமாட்டார். ஒரு கிலோ பருப்பு நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் முழுக்கப் பத்தாது. முட்டை, நிலக்கடலை, கொண்டைக்கடலை என்று எது கட்டுப்படியாகும் என்பதை அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

5. ஊருக்குள் உங்கள் பேச்சைக் கொண்டுபோகிறவர்கள் வேறு ஆட்கள். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஆசிரியை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டு கொடுக்கும் தன்னார்வலர் அக்காக்கள். மாதக் கூட்டத்தில் அவர்களுக்கு ஒரே ஒரு கேள்வியைப் பழக்கிவிடுங்கள். ஒரு மாதம் உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு எத்தனை வேளை? அடுத்த மாதம் எண்ணெய்: நாலு பேர் வீட்டில் இரண்டு லிட்டருக்கு மேல் போகிறதா? படிப்பைக் காட்டி அவர்களிடம் அதிகாரம் பண்ணாதீர்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அன்றே உங்களுக்குப் போன் வர வேண்டும். வருகிறதா என்பது நீங்கள் அவர்களிடம் பழகும் விதத்தைப் பொறுத்தது.

6. காசநோயாளியைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். நம் மாநிலத்தில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோய் உறுதியானதும் எடை, உயரம், கால் வீக்கம் எல்லாம் பார்க்கிறார்கள். உடல் நிறை குறியீடு 14-க்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். சோறு மருந்தாகும் என்பதற்கு ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ரேஷன்ஸ் ஆய்வே சாட்சி. நோயாளியின் வீட்டாருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை; அவ்வளவுதான். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கியில் போடுகிறது. பணம் வந்ததா, யார் எடுத்தார்கள், முட்டையாக மாறியதா என்று கேட்பவர் அங்கே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

7. சத்து மாவு டப்பா விற்கும் கம்பெனிக்காரர் டைரியும் பேனாவும் கொண்டுவருவார். வாசலோடு பேசி அனுப்புங்கள்.

8. எல்லோருக்கும் நீங்களே சொல்லிவிட முடியாது. இன்சுலின் போடும் சிறுபிள்ளை, இரண்டு காலும் வீங்கிய மெலிந்த குழந்தை, சிறுநீரகம் பழுதானவர் ஆகியோரை மேலே அனுப்புங்கள். சிறுநீரகக்காரரிடம் கீரையும் இளநீரும் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவைத்தால் பொட்டாசியம் ஏறி ஆபத்தாகும். அனுப்பும்போது வாய்வார்த்தையாக அனுப்பாமல் சீட்டு எழுதுங்கள். கிரியாட்டினின் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறார், எவ்வளவு சிறுநீர் போகிறது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். பெரிய மருத்துவமனையில் என் மேசைக்கு வந்தவர்களிடம் நான் முதலில் கேட்டது அதைத்தான். சீட்டில் இருந்தால் அவருக்கு அன்றைய பஸ் தப்பாது.