மலைப்பாதைக் காருக்கு ஒரு சப்வூஃபர்



ஹல்துமுல்லைப் பக்கம் ஆல்ட்டோ காருக்கு சப்வூஃபர் பூட்ட நினைக்கும் இளைஞர் முதலில் கேட்பது 10 அங்குலமா, 12 அங்குலமா என்பதுதான். ஆனால் பேஸ் ஒலி தெளிவாக அமைவதும் கலங்கிப்போவதும் ஒலிபெருக்கிக் கூம்பின் விட்டத்தைவிட, அக்கூம்பு பொருந்தியிருக்கும் பெட்டியையும் காரின் உட்புறத்தையுமே பெரிதும் சார்ந்தவை. சிறிய கூம்பு வேகமானது, பெரியது மந்தமானது என்னும் பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

சப்வூஃபர் என்பது ஏறத்தாழ 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 20 முதல் 80 தடவை அதிரும் ஒலிகளுக்கென அமைந்த ஒலிபெருக்கி. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்த ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் அதிகம், ஆல்ட்டோவோ 4 மீட்டரைக்கூடத் தொடாது. ஆகவே அலை காருக்குள் விரிய இடமின்றி, கூம்பு அசையும்தோறும் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமே ஒருசேர ஏறி இறங்குகிறது. உட்புற நீளம் இரண்டரை மீட்டர் என்று கொண்டால், சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 12 டெசிபல் வரை கூடும் என்பது கணக்கு. கதவிடுக்குகளில் அழுத்தம் கசிவதால் நடைமுறையில் இந்த ஏற்றம் குறைவாகவே கிடைக்கும்.

பெட்டியைத் தேர்வதற்கான விடை இந்த ஏற்றத்திலேயே இருக்கிறது. 1954இல் அமெரிக்கரான எட்கர் வில்சர் வெளிக்கொணர்ந்த, உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு வில்லாக அமையும் மூடிய பெட்டியில், ஒலி ஓர் எல்லைக்குக் கீழே அதே 12 டெசிபல் வீதத்தில் சரிகிறது. பெட்டியின் சரிவும் காரின் ஏற்றமும் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துகொள்கின்றன. துவாரமுள்ள பெட்டியோ குறைந்த வாட்ஸில் அதிகம் முழங்கினாலும் 24 டெசிபல் வீதத்தில் சரிகிறது. துவாரம் இசைவிக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைத் தாங்கக் காற்றழுத்தமும் இல்லை. முழக்கத்தை விடத் துல்லியத்தை நாடுபவருக்கு மூடிய பெட்டியே ஏற்றது. அதன் கொள்ளளவை, ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இலும் ரிச்சர்ட் ஸ்மோல் 1970களிலும் வகுத்த அளவைகளைக் கொண்டு கணிக்கலாம். அவற்றுள் கியூ மதிப்பு என்பது, மின்சைகை நின்றபின் கூம்பு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைக் காட்டுவது. பெட்டியோடு சேர்ந்து அது 0.7ஐ ஒட்டியிருந்தால் அதிர்வு நீளாது, 1ஐத் தாண்டினால் ஒவ்வொரு அடியும் வால் நீண்டு ஒலிக்கும். கூம்பின் அளவைகளைப் பாராமல் பண்டாரவளையிலோ பதுளையிலோ ஆயத்தப் பெட்டி வாங்குவது, வாங்கியவரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்த காரியம்.

மலைநாட்டுக்கே உரிய இடைஞ்சல் ஒன்றும் உண்டு. பெரகலை வழியாக அப்புத்தளைக்கு ஏறும்போது மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2400 சுற்றில் உழைத்தால், அதன் உறுமல் 60 ஹெர்ட்ஸில், சரியாக பேஸ் ஒலியின் நடுவிலேயே விழுந்து அதை மறைக்கிறது. ஓட்டுபவர் பேஸைக் கூட்டுகிறார். ஏற்றம் முடிந்து வண்டி நின்றதும் எல்லாச் சுரங்களும் ஒரே முழக்கமாகக் கேட்கின்றன. ஆகவே எஞ்சினை அணைத்துவிட்டு, பேஸ் கிட்டார் தனித்துக் கேட்கும் பாடல் ஒன்றைப் போட்டு, எந்தச் சுரமும் மற்றதைவிடத் துருத்தாதவாறு அமைப்பதே முறை. ஏற்றத்தில் சற்றுக் குறைந்து கேட்டால் கேட்கட்டும். வளைவுகளில் எதிரே வரும் பஸ்ஸின் ஹோர்னும் காதில் விழ வேண்டுமே.

வாட்ஸ் விஷயத்தில் பெட்டிமேல் அச்சிட்ட உச்ச எண்ணை விட்டு, ஆர்எம்எஸ் எனப்படும் தொடர்ந்து தாங்கும் திறனைப் பார்க்க வேண்டும். திறனை இரட்டித்தாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும், ஆனால் பேட்டரியின் சுமை இரட்டிக்கும். 250 வாட்ஸ் தரும் ஆம்ப்ளிஃபயர் 80 சதவீதத் திறமையோடு இயங்கினாலும் முழு ஒலியில் ஏறத்தாழ 23 ஆம்பியர் இழுக்கும். சிறிய காருக்கு அந்த 250 வாட்ஸே போதும். பேட்டரியிலிருந்து வரும் வயரில், பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும்.

பூட்டியபின், 80 ஹெர்ட்ஸ் அளவில் கதவு ஸ்பீக்கர்களிடமிருந்து சப்வூஃபரைப் பிரித்து, அதன் இரு வயர்களையும் ஒருமுறை மாற்றிக் கொடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். முன்னிருக்கையில் எந்த இணைப்பில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதையே நிலைநிறுத்தலாம்.