இரவு வலசை தொடங்கிவிட்டது: விளக்கை அணையுங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி முடியும்வரை இரவு 10 மணிக்கு மேல் மொட்டைமாடி விளக்கையும் அடுக்ககத்தின் அலங்கார விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். வலசை வரும் சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கின்றன. வெளிச்சத்தில் திசை குழம்பி, கண்ணாடியில் மோதி விழுகின்றன.

விடிகாலையில் உங்கள் பால்கனியில் ஓர் ஆறுமணிக் குருவி சோர்ந்து உட்கார்ந்திருக்கலாம். பச்சை முதுகு, கண்ணோடு ஓடும் கறுப்புப் பட்டை, குட்டை வால், வாலடியில் குங்குமச் சிவப்பு. கூட்டத்தைத் தொலைத்துவிட்டதே என்று இரங்கி வீட்டில் வைத்துக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். அது கூட்டத்தோடு வரவில்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இருட்டில் தனியாகத் தெற்கே வரும் பறவை அது. சில இலங்கைவரை போகும்.

கதிர்க்குருவிகளும் அப்படித்தான். 10 கிராம் சொச்சம் எடையுள்ள பிளித் நாணல் கதிர்க்குருவி ரஷ்யாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் நம் வேலியோரப் புதருக்கு வந்து சேர்கிறது. காற்று தோதான இரவில் ஏராளமானவை ஒரே சமயத்தில் கிளம்பினாலும், ஒவ்வொன்றும் தன் வழியில்தான் பறக்கும். முதல்முறை வரும் இளங்குருவிக்குத் தாய் தகப்பன் துணையில்லை. போகவேண்டிய திசை பிறவியிலேயே அதனுள் இருக்கிறது. எண்ணிப் பார்க்கப் பார்க்க வியப்பு அடங்காத விஷயம் இது. பகலில் கூட்டமாக வருபவை சூறைக்குருவியும் தகைவிலானும். அவற்றைப் பார்த்துப் பழகியதால்தான் தனிப்பறவை வழிதவறியதாகத் தெரிகிறது.

சோர்ந்த பறவையைக் காகமும் பூனையும் விடாது. மெல்லத் துணியால் மூடி எடுத்து, துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, சத்தமில்லாத மூலையில் விடுங்கள். அலகில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இரையும் ஊட்டவேண்டாம். ஓய்வுக்குப் பின் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்டால், காகங்கள் அடையப் போன அந்தி நேரத்தில் புதரோரம் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ ரத்தம் கசிந்தாலோ உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தோட்டம் உள்ளவர்களுக்கு இன்னொரு வேலை: உதிர்ந்த இலைகளைக் கொளுத்தாதீர்கள். ஆறுமணிக் குருவி சருகை அலகால் புரட்டித்தான் புழு பூச்சி பொறுக்கும். பங்குனிவரை ஒரு மூலையையாவது பெருக்காமல், பூச்சிமருந்து அடிக்காமல் விட்டுவையுங்கள்.