பேண்ட் வந்தா மட்டும் நம்பிடாதே, தங்கச்சி

பி53 புரோட்டீன் மேல புராஜெக்ட் கிடைச்சிருக்குன்னு சொன்னியே, சந்தோஷம். வெஸ்டர்ன் பிளாட்டுக்கு ஆன்டிபாடி ஆர்டர் போடறதுக்கு முன்னாடி உன் செல் மனுஷனோடதா, சுண்டெலியோடதான்னு பாரு. பல லேப்ல ஃபிரிட்ஜைத் திறந்தாலே கிடைக்கிற டிஓ-1 ஆன்டிபாடி மனுஷ பி53-ஐ அருமையா பிடிக்கும், சுண்டெலியோடதைப் பிடிக்காது. அது ஒட்டுற இடமும் புரோட்டீனோட தொடக்கத்துல, 20-வது அமினோ அமிலத்துக்கிட்ட இருக்கு. முன்பகுதி வெட்டுப்பட்ட வடிவத்தைத் தேடறவங்களுக்கு அது உதவாது.

பி53-ஓட மூலக்கூறு எடையைக் கணக்குப் போட்டா சுமார் 44 கிலோடால்டன்தான் வரும். ஜெல்லுல மெதுவா ஓடி 53-கிட்ட நிக்கும். பேர் வந்ததே அப்படித்தான். அதனால லேடரைப் பார்த்துட்டுப் பதறாதே.

நான் அடிச்சுச் சொல்றது கன்ட்ரோலைப் பத்திதான். எச்1299-னு ஒரு நுரையீரல் புற்றுநோய் செல் இருக்கு, அதுல பி53 உருவாகவே உருவாகாது. அந்த செல்லோட லைசேட்டை ஒவ்வொரு ஜெல்லுலயும் ஒரு லேன்ல ஓட்டு. அந்த லேன் காலியா இருக்கணும். அங்கயும் 53-ல கறுப்பா ஒண்ணு தெரிஞ்சா, மத்த லேன்ல நீ பார்த்துச் சந்தோஷப்பட்டதும் பி53-தானான்னு சந்தேகம்தான். லேன் வீணாகுதுன்னு சீனியர் முணுமுணுப்பாங்க, முணுமுணுக்கட்டும்.

இன்னொரு பக்கம், பி53 கட்டாயம் தெரியற லேனும் வேணும். எம்சிஎஃப்-7 செல்லுல சும்மா எடுத்தா மங்கலாத்தான் இருக்கும், ஏன்னா எம்டிஎம்2-ங்கிற புரோட்டீன் அதை விடாம அழிவுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு. டாக்ஸோரூபிசின் கொடுத்து டிஎன்ஏ-வுக்குச் சேதம் உண்டாக்கினா பேண்ட் நல்லா ஏறும். எந்த மருந்தும் கொடுக்காமலே கன்னங்கரேல்னு வந்தா, அந்த செல்லோட பி53 மியூட்டேஷன் ஆனதான்னு விசாரி. ஏ431 அந்த ரகம்தான்.

டிஓ-1 சுண்டெலியில உருவாக்கின ஆன்டிபாடி, அதனால செகண்டரி ஆன்ட்டி-மவுஸா இருக்கணும். இதே சுண்டெலி ஆன்டிபாடியால ஐபி (இம்யூனோபிரெசிபிடேஷன்) பண்ணிட்டு இதையே வச்சு பிளாட் பண்ணாதே: ஆன்டிபாடியோட ஹெவி செயின் 50 கிலோடால்டன்ல வந்து உட்கார்ந்து பி53-ஐ மறைச்சிடும். ஐபி-க்கு முயல் ஆன்டிபாடி எடுத்துக்கோ.

பாஸ்போ பி53 பார்க்கப் போறப்போ பிளாக்கிங்குக்குப் பாலுக்குப் பதிலா பிஎஸ்ஏ போடு. பால்ல இருக்கிற கேசீனே பாஸ்பேட் சுமந்த புரோட்டீன். எச்ஆர்பி ஒட்டின செகண்டரி பக்கம் சோடியம் அசைடு போகவே கூடாது, அது என்சைமை முடக்கிடும். பழைய பிரைமரியை அசைடு போட்டுத் திரும்பப் பயன்படுத்தறவங்க, மெம்பிரேனை நல்லா கழுவிட்டுத்தான் செகண்டரிக்குப் போகணும்.

புது டியூப் வந்தா லாட் நம்பரை நோட்டுல எழுது. டேட்டாஷீட்ல போட்டிருக்கிற டைல்யூஷன் ஒரு தொடக்கம்தான். உன் லைசேட்டுக்கு எது சரின்னு மூணு நாலு அளவுல நீயே ஓட்டிப் பாரு. அதுக்குச் செலவாகிற மெம்பிரேனுக்குக் கணக்குப் பார்க்காதே.