‘அண்ணா, டொங்கிள் வேலை செய்யுதில்லை’

லினக்ஸ் பாவிப்பவருக்கு யாழ்ப்பாணத்தில் உதவி கிடைக்கும் இடங்கள் குறைவு. கணினி திருத்தும் கடைகளில் பெரும்பாலும் விண்டோஸை அழித்துத் திரும்பப் போடுவதுதான் வைத்தியம். லினக்ஸ் வகையான உபுண்டு என்றால் அதையும் அழித்து விண்டோஸ் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். ஆகவே ஏதாவது பிசகினால் விஷயம் தெரிந்த ஒரு அண்ணாவையோ அக்காவையோதான் கேட்கவேண்டும். அவர்கள் சம்பளத்துக்குப் பதில் சொல்பவர்கள் அல்லர். வேலை முடிந்து வந்து, தங்கள் ஓய்வு நேரத்தில் சொல்பவர்கள். அந்த நேரத்தை வீணாக்காமல் கேட்பதுதான் நாம் அவர்களுக்குக் கொடுக்கும் முதல் மரியாதை என்று நினைக்கிறேன். ‘சேர்’, ‘தயவுசெய்து’, ‘கோவிக்காதேங்கோ’ எல்லாம் நல்ல சொற்கள். ஆனால் கேள்வியில் விவரம் இல்லையென்றால் அந்தக் குறையை அவற்றால் ஈடுசெய்ய முடியாது.

‘அண்ணா, டொங்கிள் வேலை செய்யுதில்லை’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். கைத்தொலைபேசி வலையமைப்பு வழியே கணினிக்கு இணையம் தரும் ஹுவாவே டொங்கிள்கள் பல, செருகியவுடன் மோடமாக வருவதில்லை. விண்டோஸ் மென்பொருள் அடங்கிய ஒரு சீடியாகத்தான் முதலில் தம்மைக் காட்டும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருள் லினக்ஸில் அதை மோடமாக மாற்றிவிடுகிறது. எனவே ‘வேலை செய்யுதில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கலாம்: கணினி கருவியைக் காணவேயில்லை; கண்டது, ஆனால் சீடியாகவே நிற்கிறது; மோடமாக மாறிவிட்டது, ஆனால் இணைய இணைப்புக்கான ஏபிஎன் பெயர் பிழையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்று அடித்தால் வரும் பட்டியலில் ஹுவாவே என்ற வரி இல்லையென்றால் முதலாவது. 12டி1:1446 என்று நின்றால் பெரும்பாலும் இரண்டாவது. பின்பாதி இலக்கம் மாறியிருந்தால் மூன்றாவதைப் பார்க்கலாம். அந்த ஒரு வரி கேள்வியோடு வந்தால் பதில் அன்றிரவே கிடைத்துவிடும். வராவிட்டால், ‘என்ன மொடல்?’, ‘எந்தப் பதிப்பு?’, ‘லைட் எரியுதா?’ என்று கேட்டுக் கேட்டே இரண்டு நாள் போய்விடும். இடையில் ஒருவர் களைத்துப்போவார்.

‘தமிழ் தெரியுதில்லை’ என்பதும் இதே இனம். நம்மவர்களின் பழைய ஆவணங்கள், பாடசாலைக் கடிதங்கள், கோயில் மலர்கள், ரியூசன் வினாத்தாள்கள் என்று ஏராளமானவை பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று எழுதியது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கிறது. எழுத்துருதான் அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. புதிதாக லினக்ஸ் போட்ட கணினியில் பாமினி இல்லை, ஆகவே லிப்ரே ஒஃபிஸ் அந்த ஆங்கில எழுத்துகளை அப்படியே காட்டும். இதற்கு பாமினியை நிறுவலாம், அல்லது ஆவணத்தை யுனிகோட்டுக்கு மாற்றலாம். நான் இரண்டாவதையே சொல்வேன், ஏனென்றால் யுனிகோட்டுக்கு மாறிய ஆவணத்தில்தான் தமிழில் தேட முடியும். ஆனால் திரையில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் வந்தால் கதை வேறு. அது யுனிகோட் ஆவணம். அந்தக் கணினியில் தமிழ் யுனிகோட் எழுத்துரு ஒன்றுமில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. கேட்பவர் ‘தெரியுதில்லை’ என்பதோடு நிறுத்தாமல் என்ன தெரிகிறது என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உண்மையில் எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் மறைக்கக்கூடாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவிடும் வைனைப் பற்றி ‘வைன் எப்படிப் போடுவது?’ என்று கேட்பவருக்கு வேண்டியது பல வேளைகளில் வைன் அல்ல. விண்டோஸில் பழகிய பாமினித் தட்டச்சுத்தான். அதை முதலே சொன்னால், எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கைத் தரத்தில் இடம்பெற்ற ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸின் தட்டச்சு உள்ளீட்டு மென்பொருளான ஐபஸில் கிடைக்கிறது, பாமினிக்குப் பழகிய விரல்களுக்கு அது அந்நியமாக இராது என்று ஒரே வசனத்தில் பதில் சொல்லிவிடலாம்.

‘புதிதாக வந்தவருக்கு எந்த விவரம் தேவை என்றே தெரியாதே, தெரிந்தால் ஏன் கேட்கிறார்?’ என்று மறுப்பவர்கள் உண்டு. நியாயமான மறுப்பு. ஆனால் கேட்பவர் நோயைக் கண்டுபிடித்துத் தரவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடக்கும் என்று நினைத்தேன் என்ற மூன்றுமே போதும். லினக்ஸின் கதையும் அப்படிப்பட்ட ஒரு கேள்வியை ஒட்டித்தான் தொடங்குகிறது. 1991 ஜூலை 3ஆம் திகதி, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பாவனையாளர்களிடம் பொசிக்ஸ் தர வரையறை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். ஒரு வேலைக்காகத் தேவைப்படுகிறது, இன்ன வடிவில் இருந்தால் நல்லது, எஃப்டிபி இடம் தெரிந்தாலும் போதும் என்று சில வரிகளில் எல்லாம் இருந்தது. அவர் எழுதிய இயங்குதளக் கரு (கெர்னல்) பற்றி வெளியே தெரிந்தது ஓகஸ்ட் 25ஆம் திகதிதான்.

இன்னொரு மறுப்பு மொழி பற்றியது. பிழைச்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது, தமிழ்மூலம் படித்த பிள்ளை என்ன செய்யும் என்கிறார்கள். அந்தச் செய்தியை விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை. அப்படியே நகலெடுத்து ஒட்டினால் போதும். கைத்தொலைபேசியால் திரையைச் சாய்த்துப் படம் பிடித்து அனுப்புவதைவிட அது ஆயிரம் மடங்கு உதவி, ஏனென்றால் எழுத்தைத் தேடலாம், சாய்ந்த படத்தில் தேடுவது கடினம். கணினியையே தமிழில் வைத்திருப்பவர், கட்டளைக்கு முன்னால் பெரிய எழுத்தில் எல்சி_ஆல்=சி என்று சேர்த்து ஓடவிட்டால் செய்தி ஆங்கிலத்தில் வரும்; அதைத் தேடினால் தீர்வு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பதில் சொல்பவருக்கும் கடமை உண்டு, அதையும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கேள்வியைக் கெட்டித்தனமாகக் கேட்பது எப்படி என்று எரிக் ரேமண்டும் ரிக் மோவனும் 2001இல் எழுதியது இன்றும் பயனுள்ள கட்டுரை. ஆனால் அதையே தூக்கிப் புதியவர் முகத்தில் எறிவது உதவியாகாது. ‘மேன் பக்கத்தை (கட்டளையின் கையேட்டை) வாசி’ என்பவர் எந்தப் பக்கம், எந்தப் பகுதி என்றாவது சொல்லட்டும். கடுஞ்சொல்லுக்குப் பேர்போன டோர்வால்ட்ஸே 2018 செப்டெம்பரில் தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கினார். அதே மாதம் லினக்ஸ் கருத் திட்டம் நடத்தை விதிமுறையை ஏற்றுக்கொண்டது. நம் வகுப்பறைகளில் கேள்வி கேட்டவன் மட்டந்தட்டப்படுவது பழைய வழக்கம். அதனால்தான் பலர் எல்லோர் முன்னும் கேட்க வெட்கப்பட்டுத் தனியாகச் செய்தி அனுப்புகிறார்கள். பதில் அந்த இருவரோடு முடிகிறது, அடுத்த வாரம் இன்னொரு தம்பி அதையே கேட்கிறான்.

ஆகையால் எல்லோரும் பார்க்கும் இடத்தில் கேளுங்கள். தீர்ந்தபின் ‘சரிவந்திட்டுது அண்ணா, நன்றி’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்தப் பதிப்பில், எந்தக் கட்டளையால் சரிவந்தது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள்.